கோயிலுக்குக் கோயில் இறங்கியவரின் வலது கால்

கால் நோ என்று ஒருவர் வந்து முன்னால் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்கப்போகும் முதல் நாலு கேள்வியும் எனக்குத் தெரியும். எங்கே நோகிறது, எப்போதிருந்து, நடந்தால் கூடுகிறதா, இரவில் நித்திரை வருகிறதா. நானும் முப்பத்தொரு வருடம் அவற்றைத்தான் கேட்டேன். அவை பிழையான கேள்விகள் இல்லை. பதில் கிடைத்துவிட்டது என்று திருப்தியோடு கொப்பியை மூடுகிறோமே, அந்த இடத்தில்தான் விழுகிறோம். நான் விழுந்த ஓரிடத்தை எழுதுகிறேன். இயன்மருத்துவத்துக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, புதிதாக வந்திருக்கும் நீங்கள் அதே இடத்தில் விழக்கூடாது என்பது ஒரு காரணம். மற்றது, பிரியாவிடைக் கூட்டங்களில் நான் என் கெட்டித்தனங்களை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இது அவற்றுக்குள் இல்லை.

என்னிடம் ஒரு கெட்டித்தனம் இருந்ததும் உண்மைதான். அதைச் சைக்கிள் கேள்வி என்று என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் சொல்வார்கள். நடந்தால் கால் உளைகிறது என்று வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்கு முதுகெலும்புக்குள் நரம்பு நெரிபடுகிறது. மற்றவருக்குக் காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது. முதுகுக்காரர் முன்னால் குனிந்தால் சுகம் காண்பார். ஆகவே சைக்கிள் ஓடுவது அவருக்கு லேசு. இரத்தக் குழாய் அடைபட்டவருக்கு நடந்தாலென்ன, மிதித்தாலென்ன, கெண்டைக்காலுக்கு இரத்தம் போதாது, சைக்கிளிலும் நோகும். எங்கள் ஊர் அறுபது வயதுக்காரரிடம் ஸ்கேன் படம் இருக்காது, சைக்கிள் இருக்கும். ஒரு சதச் செலவில்லாமல் இரண்டையும் பிரித்துவிடலாம் என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அவரைக் கமக்காரர் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். மருதனார்மடத்துக்கு அப்பால் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். வயது அறுபத்திரண்டு. நான் கடைசியாக வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு வலது கால் உளைவு என்று வந்தார். கையில் ஒரு கடிதம், முதுகின் எக்ஸ்ரே. முதுகெலும்புத் தேய்மானம் என்று கடிதம் சொன்னது. தேய்மானம் இருந்ததுதான். நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்த முதுகைப் படம் எடுத்தால் வேறென்ன தெரியும்?

"சைக்கிள் ஓடேக்கை நோகுதோ ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். சைக்கிளிலை ஒரு கரைச்சலும் இல்லை. இஞ்சை வந்ததும் சைக்கிளிலைதான்."

"இரவிலை நித்திரை வருதோ?"

"ஓம், வருது."

முடிந்தது என் விசாரணை. முதுகு என்று எழுதினேன். பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தேன். கிழமைக்கு ஒருநாள் வந்தார், ஒருநாளும் தவறவில்லை. சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்தார். "எப்படி ஐயா?" என்று கேட்டால், "எப்பன் சுகம் மிஸ்" என்பார். அந்தக் கொஞ்சச் சுகத்தை நான் அவருடைய கிளினிக் கொப்பியில் முன்னேற்றம் என்று ஆங்கிலத்தில் எழுதுவேன். ஒன்பது கிழமை, ஒன்பது முன்னேற்றம்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் சனம் மெனக்கெட்டு வைத்தியம் பார்க்கிறவரின் முகத்துக்கு நேரே சுகமில்லை என்று சொல்லாது. சொன்னால் மனம் நோகும் என்று நினைக்கும். "எப்பன் சுகம்" என்பது பல நேரம் காலைப்பற்றிய தகவலே இல்லை, எங்களுக்குத் தரும் மரியாதை. அந்த மரியாதையை வாங்கிக் கொப்பியில் எழுதி வைக்காதீர்கள்.

இன்னுமொன்று. எங்கள் பகுதியின் மூலையில், நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஓடாச் சைக்கிள் ஒன்று நின்றது. பெடல் உடைந்து ஒரு வருடமாகத் துவாய் காயப்போடத்தான் உதவியது. அதைத் திருத்துவித்து அவரை என் கண்முன்னால் ஐந்து நிமிடம் மிதிக்கவிட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாலாவதோ ஐந்தாவதோ கிழமை, வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு வைரவர் கோயிலடியில் கமக்காரர் நின்றார். சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி, சிலிப்பரைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். எங்கள் பக்கத்துச் சைவ ஆட்கள் கோயிலைக் கண்டால் சைக்கிளால் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறுவது வழக்கம். நான் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் மானிப்பாயில் மிஷன் பள்ளிக்கூட வாத்திமார் குடும்பத்தில் பிறந்தவள். பிறத்தியார் கும்பிடும்போது வாய் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, அதைப்பற்றிக் கேள்வி கேட்கவும் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பிள்ளை. நல்ல பழக்கம்தான். அன்றைக்கு அது ஒரு நோயாளியைப் பார்க்கவேண்டிய கண்ணை மறைத்தது.

இரண்டு கிழமை கழித்து இன்னொரு கோயிலடியில், ஒரு பிள்ளையாரிடம், அதே மாதிரி நின்றார். நானும் அதே மாதிரி முகத்தைத் திருப்பினேன். அடுத்த முறை வந்தபோது, "ஐயா சரியான பக்திமான்" என்று பகிடியாகச் சொன்னேன். சிரித்தார். "என்ரை மனிசியும் இதைத்தான் சொல்லுறா. இப்ப கொஞ்ச நாளாத்தான் எனக்குப் பக்தி கூடினதாம்" என்றார்.

கொஞ்ச நாளாக. கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது கிழமை முடிந்த சனிக்கிழமை பின்னேரம், பாடகர் குழுப் பயிற்சிக்காக எங்கள் தேவாலயத்துக்குப் போனேன். வாசலில் கமக்காரர் நிற்கிறார். சைக்கிள் கரியரில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஒன்று சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தது. மோட்டர் திருத்துகிற கடைக்கு வந்தவராம். சிலிப்பர் கழற்றியிருக்கிறது. ஒரு கை தேவாலய வாசல் கேற்றைப் பிடித்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "என்ன ஐயா, எங்கடை பக்கமும் வந்திட்டியள்?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். "எல்லாம் ஒரு சாமிதானே மிஸ்" என்றார். சொல்லிக்கொண்டே இடது குதிக்காலால் வலது கெண்டைக்காலை உரஞ்சினார். அப்போதுதான் நான் பாதத்தைப் பார்த்தேன். இடது பாதம் மண்ணிறம். வலது பாதம் சாம்பல்.

சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயா, இதிலை ஏன் நிண்டனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"மோட்டர் பாரம். கால் உளையப் பார்த்துது. இதிலை வேறை கோயில் இல்லை."

"சைக்கிளிலை நோகேல்லை எண்டு சொன்னீங்களே!"

"நோகேல்லைத்தானே மிஸ். நோக முதல் இறங்கிடுவன். ஒரு கும்பிடு போட்டு எப்பன் நிண்டால் விட்டிடும். பிறகு ஏறுவன்."

அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எங்கள் வலிகாமப் பகுதியில் ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயில் கூப்பிடு தூரம். கால் உளைகிற நேரத்துக்கு ஒரு சாமி எங்கேயும் இருக்கும். இறங்கி நின்றால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். வீட்டிலும் கேட்கவில்லை, தெருவிலும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உட்கார்ந்து குனிந்தால் உளைவு விடுவது முதுகு. சும்மா நின்றாலே விடுவது இரத்தக் குழாய். அதைப் படித்துப் பாஸ் பண்ணி மற்றவர்களுக்கும் படிப்பித்தவள் நான்.

பக்கத்து மதகில் இருக்கவைத்துக் காலைத் தூக்கி மடியில் வைத்தேன். பாதம் குளிர்ந்திருந்தது. பாதத்தின் மேற்பக்கம் இரண்டு விரலை வைத்தேன். நாடி இல்லை. கணுக்காலுக்குப் பின்னால் வைத்தேன். அங்கேயும் இல்லை. இடது காலில் இருந்தது. ஒன்பது கிழமை அவருடைய முதுகைத் தொட்டிருக்கிறேன், இடுப்பைத் தொட்டிருக்கிறேன், இந்த இடத்தை ஒருநாளும் தொட்டதில்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, சிலிப்பர் வார் தேய்க்கிற இடத்தில், கச்சான் கடலையளவு புண். சுற்றிவரக் கறுத்திருந்தது.

"இது எத்தினை நாள்?"

"ரெண்டு கிழமை. சிலிப்பர் வெட்டினது. காயுதில்லை."

"இரவிலை நித்திரை வருதெண்டு சொன்னீங்கள். எப்பிடிப் படுக்கிறனீங்கள்?"

"காலைக் கட்டிலாலை கீழை தொங்கப்போட்டால் வரும்."

காலைத் தொங்கவிட்டால்தான் இரத்தம் இறங்குகிறது என்ற நிலைக்கு அந்தக் கால் வந்துவிட்டது. அதில் புண்ணும் இருக்கிறது. இதற்குப் பிறகு கணக்கு நாட்களில்தான். திங்கட்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள் என்று சொல்வதற்கு இடமில்லை. இன்றைக்கே போகவேண்டும் என்றேன்.

"செவ்வாய்க்கிழமை கோயிலிலை எங்கடை திருவிழா மிஸ். உபயகாரன் நான், தோளிலை சாமி தூக்கவும் வேணும். அது முடிய வாறன்."

நான் ஒரு தேவாலய வாசலில் நிற்கும் கிறிஸ்தவப் பெண். ஒரு சைவ மனிதரைப் பார்த்து, உங்கள் கோயில் திருவிழாவை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். வேறு எந்த நாளிலும் என் வாயில் அது வந்திராது. ஆனால் இரண்டு தரம் மரியாதைக்கு முகத்தைத் திருப்பி அவருடைய காலை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்றாம் தரமும் திருப்ப மனம் வரவில்லை.

"சாமி காவிற தோளுக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. கால்தான் போகப்போகுது. செவ்வாய்க்கிழமை முடிய வந்தீங்களெண்டால், முழங்காலுக்குக் கீழை இருக்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

அவர் காலை என் மடியிலிருந்து இழுத்துக்கொண்டார். கோபமாகக்கூட இருந்திருக்கும். நான் அவருடைய போனை வாங்கி மனைவிக்கு எடுத்தேன். ஆளை முன்பின் தெரியாது. விஷயத்தை மூன்று வசனத்தில் சொல்லி, "கிளினிக் கொப்பியையும் கொண்டு வாங்கோ அம்மா" என்றேன். அரைமணித்தியாலத்தில் ஓட்டோவில் வந்து இறங்கினார். மெலிந்த மனுசி, கையில் ஷொப்பிங் பையோடு கொப்பி. புருசனின் காலைக் குனிந்து பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, திருவிழாவை என்ரை தம்பி பார்ப்பான். எழும்பி ஓட்டோவிலை ஏறுங்கோ."

"மோட்டர்?"

"மோட்டர் கிடக்கட்டும்!"

ஏறினார். மோட்டரையும் சைக்கிளையும் தேவாலயக் காவலாளியிடம் விட்டுவிட்டு நானும் ஏறினேன். பாடகர் குழு என்னைத் தேடியிருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்தவர் ஒரு இளம் டொக்டர். நல்ல பிள்ளை, அன்றைக்குச் சனம் நிறைய, களைத்துப்போய் இருந்தார். கொப்பியைப் புரட்டினார். முதுகு, முதுகு, முன்னேற்றம், முன்னேற்றம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மிஸ், போன புதன்கிழமை நல்லா வாறார் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்?"

அந்த நேரத்தைப்பற்றித்தான் உங்களோடு கதைக்க விரும்புகிறேன். வாயில் எத்தனையோ நல்ல சொற்கள் வந்து நின்றன. "இப்ப கொஞ்சம் வித்தியாசமாத் தெரியுது", "எதுக்கும் ஒருக்காப் பாருங்கோ", "திடீரெண்டு மாறியிருக்குது." எல்லாம் என்னைக் காப்பாற்றும் சொற்கள். அப்படி மழுப்பினால் அவர் என்ன செய்வார்? அனுபவமுள்ள இயன்மருத்துவர் ஒன்பது தரம் எழுதியதை நம்பி, வலி மாத்திரை கொடுத்துத் திங்கட்கிழமை வரச்சொல்வார். அதில் அவரைப் பிழை சொல்லவும் முடியாது. கமக்காரருக்கும் அவருடைய காலுக்கும் நடுவில் அந்த நேரம் நின்றது என்னுடைய கையெழுத்துத்தான்.

"ஓம் டொக்டர், நான்தான் எழுதினனான். ஒன்பதும் பிழை. நான் நாடி பிடிச்சுப் பார்க்கேல்லை. இப்ப பார்த்தனான், இல்லை. நீங்களும் தொட்டுப் பாருங்கோ."

கமக்காரரும் மனைவியும் பக்கத்தில்தான் இருந்தார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. டொக்டர் எழும்பி வந்து பாதத்தில் விரலை வைத்தார், இடத்தை மாற்றி வைத்தார், பிறகு களைப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. "சிகரெட் பத்திறனீங்களோ?" என்று கேட்டார்.

"தொட்டதில்லை" என்றார் கமக்காரர்.

"சிகரெட் இல்லை, சுருட்டு" என்றார் மனைவி. "ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. சொந்தப் புகையிலை."

என்னுடைய படிவத்திலும் சிகரெட் என்ற இடத்தில் இல்லை என்று போட்டிருந்தது. அதை எழுதியதும் நான்தான்.

அன்று பொழுதுபட முதல் அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். தொடையிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்குப் புது வழி வைத்தார்கள். கால் தப்பியது. பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் தப்பவில்லை. இன்னும் நாலைந்து நாள் பிந்தியிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று சத்திரசிகிச்சை செய்தவர் சொன்னாராம்.

என்னோடு வேலை செய்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். நீர் கண்டுபிடித்தபடியால்தானே கால் மிஞ்சியது என்றும் சொன்னார்கள். ஆனை சறுக்கினால் ஆனைதான் விழும். நான் சறுக்கியதில் விழுந்தது அவருடைய இரண்டு விரல். கால் தப்பியதில் எனக்குப் பங்கிருந்தால் விரல் போனதிலும் பங்குண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு வர ஏலாது.

அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றினேன். நோகிறதா என்று கேட்பதைக் குறைத்துவிட்டேன். "வீட்டிலை இருந்து இஞ்சை வாறதுக்குள்ளை எங்கை எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்பேன். கோயிலில் நின்றேன், கடையில் நின்றேன், தெரிந்தவரோடு கதைத்துக்கொண்டு நின்றேன் என்பார்கள். "அதிலை நில்லாமல் வந்திருக்க ஏலுமோ?" என்று அடுத்ததாகக் கேட்பேன். கரவெட்டியிலிருந்து வந்த ஒரு தபால்காரர் அந்தக் கேள்விக்குக் கனநேரம் யோசித்துவிட்டு, ஏலாது என்றார். ஓடாச் சைக்கிளையும் திருத்துவித்தேன். எழுதிக் கேட்டு, அலைந்து, சண்டை பிடித்து ஏழு மாதம் எடுத்தது. துவாய்க்கு வேறு கொடி கட்டினோம்.

கமக்காரர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் என்னிடம்தான் வந்தார், நடை பழக. பெருவிரல் இல்லாதபடியால் சிலிப்பர் காலில் நிற்காது. கன்வஸ் சப்பாத்து ஒன்று போட்டிருந்தார். இந்த முறை மனைவியும் கூட வந்திருந்தார். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தார். நான் சப்பாத்தைக் கழற்றி, தழும்பைப் பார்த்து, நாடியைப் பார்த்து, அவரை நடக்கவிட்டு, திரும்பி நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் நடந்தார்.

"மிஸ்" என்றார் மனைவி. "ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் முதல் நாளே இப்பிடிப் பார்த்திருந்தால், விரல் ரெண்டும் இருந்திருக்குமோ?"

கமக்காரர், "சும்மா இரு" என்றார்.

அதற்கும் மழுப்பல் பதில்கள் உண்டு. அதெல்லாம் அப்படிச் சொல்லிவிட முடியாது, நோய் என்றால் அப்படித்தான், கடவுள் சித்தம். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். என்னைக் குற்றம் சாட்டுகிற முகமாக இல்லை. தெரியவேண்டும் என்று கேட்கிற முகம்.

"ஓம் அம்மா" என்றேன். "இருந்திருக்கும் எண்டுதான் நினைக்கிறன்."

மனைவி மடியிலிருந்த கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு எழும்பி வந்து, புருசனின் இடது சப்பாத்தைத் தானே குனிந்து கழற்றினார்.

"அப்ப இந்தக் காலையும் இண்டைக்கு வடிவாப் பாருங்கோ."

வந்து அரைமணித்தியாலமாகிறது, நான் அந்தக் காலைத் தொட்டிருக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்த கால் வலது, ஆகவே வலதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே உட்கார்ந்து, இடது பாதத்தில் விரலை வைத்தேன். நாடி இருந்தது. ஆனால் தேடித்தான் எடுக்கவேண்டி வந்தது. தேவாலய வாசலில் அது தேடாமலே கிடைத்தது.

"இருக்கு. ஆனால் முந்தின மாதிரி இல்லை. சுருட்டு இன்னும் போகுதோ ஐயா?"

"ஒரு நாளைக்கு ஒண்டு" என்றார் மனைவி. "இனி அதுவும் இல்லை."

பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு இன்றைக்கே கடிதம் தருகிறேன் என்று மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். மனைவி கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் இங்கிலிசிலை எழுதுங்கோ, பரவாயில்லை" என்றார். "எழுதி முடிய எனக்குத் தமிழிலை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ. முந்தி ஒன்பது தரம் என்ன எழுதினனீங்கள் எண்டு எங்களுக்கு அப்ப தெரியாமல் போச்சு."

எழுதி முடித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.